கரைவலையும் பாடும்

(இலக்கிய வட்டக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்க் கவிதையில் வலை என்னும் சொல் இடம்பெறாத காலமே இல்லை எனலாம். கண்ணை வலை என்றனர். பாசத்தை வலை என்றனர். விதியையும் வஞ்சகத்தையும் வலை என்றனர். இவ்வுவமைகளுள் பெரும்பாலானவை வீச்சுவலையை மனத்திற்கொண்டு பிறந்தவை. ஒருவன் நிற்கிறான், தோளிலிருந்து வீசுகிறான், வலை வட்டமாக விரிந்து விழுகிறது, சிக்கியது சிக்கியதுதான். ஒருவன் செயல், ஒரு கணம், ஒரு முடிவு. உவமைக்கு இதைவிட வசதியான கருவி கிடைப்பது அரிது. திருவிளையாடற் புராணத்தில் இறைவன் வலைஞனாக வரும் படலத்திற்குங்கூட 'வலை வீசின படலம்' என்றே பெயர் அமைந்தது.

தமிழ் பேசும் கடற்கரைகளில் இன்னொரு வலை உண்டு. அதை வீச இயலாது. ஒருவரால் அதைத் தூக்கவும் இயலாது. முப்பது, நாற்பது பேர் இரண்டு அணியாகப் பிரிந்து, இரண்டு மூன்று மணி நேரம் மணலில் கால் புதையப் புதைய இழுத்தால்தான் அது கரையேறும். கரைவலை என்பது அதன் பெயர். சோழமண்டலக் கரையில் அதைப் பெரியவலை என்பதும் உண்டு. குமரிக் கரையில் கரமடி. கேரளத்தில் கயிற்றை முன்னிறுத்திக் கம்பவலை என்பர். கோவாவில் ராம்பொண், கன்னடக் கரையில் ராம்பணி. சிங்களத்தில் மாதெல, பெரியவலை என்பதே அதற்கும் பொருள். இத்தனை மொழிகளில் பெயர் பெற்ற ஒரு கருவி, கடலைப் பாடிய தமிழ்க் கவிதைக்குள் தன் பெயரோடு நுழைந்தது மிகக் குறைவு.

இந்தக் குறை தமிழுக்கு மட்டும் உரியதன்று. மத்தேயு எழுதிய நற்செய்தியில் இரண்டு வலைகள் வருகின்றன. சீமோனும் அந்திரேயாவும் கடலில் வீசிக்கொண்டிருந்த வலைக்குக் கிரேக்க மூலத்தில் ஒரு சொல். அது வீச்சுவலையைக் குறிப்பது. பதின்மூன்றாம் அதிகாரத்தில் விண்ணரசுக்கு உவமையாக வரும் வலைக்கு வேறொரு சொல்: சகேனே. நிறைந்த பின் கரைக்கு இழுக்கப்படுவது. இழுத்தவர்கள் உட்கார்ந்து நல்லதையும் ஆகாததையும் பிரித்தெடுப்பது. கரைவலையைக் கண்டவர் யாரும் அதை வேறொன்றாக எண்ண மாட்டார்கள். ஆங்கிலத்தில் இவ்வகை வலைக்கு வழங்கும் 'சேன்' என்ற சொல்லும் அக்கிரேக்கச் சொல்லின் வழி வந்ததே. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இரண்டும் வெறும் 'வலை' ஆகிவிட்டன. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் கிறித்தவம் தழுவினர். அவர்கள் வழிவந்தோர், கையில் கரைவலைக் கயிற்றின் தழும்போடு, தங்கள் தொழிலையே பேசும் உவமையைத் தொழிலின் பெயர் இல்லாமல் கேட்டு வந்தனர் என்பது மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு கணம் நின்று எண்ணத்தக்கது.

வலையின் அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னால் வருவதெல்லாம் அதன்மேல் நிற்பதால்.

கரைவலைக்கு நடுவில் ஒரு பை. அதற்கு மடி என்று பெயர். தாயின் மடியும் பசுவின் மடியும் குறிக்கும் அதே சொல். மடியின் இருபுறமும் நீண்ட சிறகுகள். சிறகுகளின் முனையில் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளும் கயிறு. வலையின் துளைக்குத் தமிழில் கண் என்று பெயர். சிறகின் தொடக்கத்தில் கண் பெரிதாக இருக்கும்; மடியை நெருங்க நெருங்கச் சிறுக்கும். பெரிய கண் வழியே மீன் தாராளமாக வெளியேறலாம், ஆயினும் வெளியேறுவதில்லை. கயிறும் சிறகும் நீரில் நகரும்போது எழும் அசைவுக்கு அஞ்சி, வலையைத் தொடாமலேயே விலகி விலகி நடுவுக்கு வருகிறது. கரைவலையின் பெரும்பகுதி மீனைப் பிடிப்பதற்காக அமைந்ததன்று; அச்சுறுத்தித் திருப்புவதற்காக அமைந்தது. பிடிப்பது மடி மட்டும். மேல்விளிம்பில் மிதப்புகளும் கீழ்விளிம்பில் எடைகளும் கட்டப்பட்டு, வலை நீரில் சுவர்போல் நிற்கும். முற்காலத்தில் நூல் பருத்தியாகவும் சணலாகவும், கயிறு தென்னை நாராகவும் இருந்தன. ஒவ்வொரு நாளும் வலையை மணலில் விரித்து உலர்த்தாவிட்டால் மக்கிவிடும். இருபதாம் நூற்றாண்டின் நடுவிற்குப் பின் நைலான் வந்தது. உலர்த்தும் வேலை குறைந்தது. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னல் 1920களில் இக்கரைகளின் மீன்பிடி முறைகளை எழுதிவைத்தபோது, அவர் கண்டவை நாராலும் பருத்தியாலும் ஆன வலைகள்.

வேலை விடியுமுன் தொடங்கும். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் ஓர் அணியினர் பிடித்துக்கொள்வர். வலையை ஏற்றிய வள்ளம் கயிற்றை விட்டுக்கொண்டே கடலுக்குள் செல்லும். கயிறு முடிந்ததும் முதற் சிறகு, பின் மடி, பின் மறுசிறகு என இறக்கிக்கொண்டு வளைந்து திரும்பி, புறப்பட்ட இடத்திற்குச் சில நூறு மீட்டர் தள்ளி மறுகயிற்றோடு கரை சேரும். ஈழக் கரைகளில் இவ்வேலையை முன்னின்று நடத்துபவரை மண்டாடி என்பர்; வலைக்கு உடையவர் சம்மாட்டி. நீரின் நிறம், பறவைகளின் வட்டம், நீரோட்டத்தின் போக்கு இவற்றைப் பார்த்து எந்த இடத்தில் எந்த வேளையில் வலை இறங்க வேண்டும் என்று முடிவு செய்பவர் மண்டாடியே. குமரிக் கரையில் நீரோட்டத்தை நீவாடு என்பர். காற்றுக்குத் தமிழில் கொண்டல், வாடை, கச்சான், சோழகம் எனத் திசைக்கொரு பெயர் இருப்பதை நிகண்டு படித்தவர் அறிவர். நீரோட்டங்களுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டென்பதை அறிந்தவர் கடற்கரையில்தான் இருக்கின்றனர்.

பிறகு இழுப்பு. இரு அணிகளும் ஒரே அளவில் இழுக்க வேண்டும். ஓர் அணி முந்தினால் மடி சாயும். கீழ்விளிம்பு மணலைவிட்டு எழும். மீன் அடியில் புகுந்து போய்விடும். எனவே பலசாலிகளின் அணி தன் பலத்தை அடக்கிக்கொள்ள வேண்டும். கடலைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்து இழுப்பர். இடுப்பில் கட்டிய சிறு கயிற்றைப் பெருங்கயிற்றில் மாட்டிக்கொண்டு இழுப்பதும் உண்டு. வரிசையின் கடைசியில் இருப்பவர் மேட்டை அடைந்ததும் கயிற்றை விட்டுவிட்டு நீர் விளிம்புக்கு ஓடி முதலாமவராக நிற்பார். இவ்வாறு கடையர் முதல்வராவதும் முதல்வர் கடையராவதும் இடைவிடாமல் நிகழும். கயிறு குறையக் குறைய இரு அணிகளும் மணலில் ஒன்றையொன்று நெருங்கி வரும். மடி கரையை நெருங்கும்போது சிலர் நீரில் இறங்கி, கைகளால் அடித்து, திரும்ப முயலும் மீனை உள்ளே துரத்துவர். அந்த நேரத்தில்தான் ஊர் கரைக்கு வரும். பெண்கள் கூடையோடும், சிறுவர் வெறுங்கையோடும்.

மடி அவிழும்போது வருவது ஒருநாளைப்போல் மறுநாள் இருக்காது. சாளை, நெத்திலி, காரல், சூடை, பாரை, வாளை. சில நாள் சொறியும் பேத்தையும் மட்டும். பலமணி நேர இழுப்பின் முடிவில் ஒரு கூடை காரலைப் பார்த்து யாரும் அழுவதில்லை. கயிற்றைச் சுருட்டுவர்.

இந்த இழுப்பின் ஒழுங்கைக் காப்பதற்குப் பிறந்தது அம்பா. ஈழத்திலும் தமிழகத்திலும் வலையிழுப்போர் பாடும் பாட்டுக்கு அம்பா என்று பெயர் வழங்குகிறது. ஒருவர் ஓர் அடி சொல்வார். ஏனையோர் ஏலேலோ என்றோ ஐலசா என்றோ வேறொரு நிலைத்த தொடராலோ ஏற்பர். முன்பாடுபவரின் அடி மாறிக்கொண்டே போகும்; பின்பாட்டு மாறாது. இழுப்பு விழுவது பின்பாட்டின் மேல். முன்பாடுபவரின் அடி உண்மையில் மற்றவர்கள் மூச்சு வாங்கும் இடைவெளி. கயிறு இலேசாக வரும் தொடக்கத்தில் அந்த அடி நீளும். கதை வரும், கேலி வரும், சம்மாட்டியின் கஞ்சத்தனம் வரும், முருகனும் அந்தோனியாரும் அழைக்கப்படுவர். மடி கனத்து அலைவாயில் நிற்கும்போது அடி குறுகிக் குறுகி இரண்டு சொல்லாகும். பிறகு ஒரு சொல். பிறகு வெறும் ஒலி. குரல் இனிமைக்காக ஒருவரை முன்பாடச் சொல்வதில்லை. கயிற்றின் கனத்தைக் கைகொண்டு அறிந்து, அதற்கேற்ப அடியை நீட்டவும் குறுக்கவும் தெரிந்தவரே பாடுவார்.

தமிழ் யாப்பில் வரிக்கு அடி என்று பெயர். அடி என்பது காலடியும் ஆகும். யாப்பிலக்கணம் கற்பிக்கும் வகுப்பில் இதை ஒரு சொற்பொருத்தமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். அம்பாவில் அது பொருத்தமாக மட்டும் நிற்பதில்லை. ஓர் அடி பாட்டுக்கு ஓர் அடி மணல் என்று கணக்காகிறது. நாட்டார் பாடல் தொகுப்புகளில் அம்பாவை அச்சிடுவோர் பின்பாட்டை ஒருமுறை காட்டிவிட்டு, இடம் கருதி, மற்ற இடங்களில் நீக்கிவிடுகின்றனர். முன்பாடுபவரின் அடிகளை அடுத்தடுத்து அடுக்குகின்றனர். படிப்பவருக்கு அது தொடர்பற்ற, சில வேளைகளில் பொருளற்ற பாட்டாகத் தோன்றுகிறது. மூச்சை மட்டும் அச்சிட்டு இழுப்பை விட்டுவிட்டால் வேறெப்படித் தோன்றும்?

அடுத்து, பாடு என்ற சொல்.

கடற்கரையில் பாடு என்பது பல பொருள் தரும். வலையில் விழுந்த மீனின் அளவு மீன்பாடு. ஈழத்தில் கரைவலை இழுப்பதற்கென்று வரையறுக்கப்பட்ட கடற்கரைப் பகுதியும் பாடு. கரைவலைப்பாடு என்று அரசின் பதிவுகளிலும் அச்சொல்லே இடம்பெறும். பழவேற்காடு ஏரியில் யார், எந்த இடத்தில், எந்த முறையில் வலை இறக்குவது என்று சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கும் வழக்கத்துக்கும் பாடு என்றே பெயர். இடம், முறை, பயன், உழைப்பு, துன்பம் ஆகிய ஐந்தையும் ஒரே சொல் தாங்குகிறது. கத்தோலிக்க ஊர்களில் கிறித்துவின் துன்பங்களும் பாடுகளே. பாட்டைப் பாடு என்று ஏவுவதும் அதே ஒலிதான். அது வேறு வேர் என்று மொழியியலார் சொல்லலாம், இழுப்பவர் காதுக்கு அந்த வேறுபாடு தெரிந்திருக்க நியாயமில்லை.

முறை என்பதன் தேவையை விளக்க வேண்டும். ஒரு கடற்கரையில் ஒரு வேளையில் ஒரு கரைவலையே இறங்க முடியும். நல்ல மணற்கரையோ ஓர் ஊருக்கு ஒன்றோ இரண்டோதான். பாறையும் முருகைக் கல்லும் உள்ள இடத்தில் வலை கிழியும். ஆகவே ஊரில் பத்து வலை இருந்தால் பத்தும் வரிசையில் நிற்க வேண்டும். இன்று முதலில் இறங்கிய வலை நாளை கடைசியில் செல்லும். விடியற்காலை இழுப்புக்கும் உச்சிவேளை இழுப்புக்கும் மீன்பாடு வேறு வேறு என்பதால் இந்தச் சுழற்சியே நீதி.

இலங்கையின் தென்கரையில், தங்காலைக்கு அருகே மாவெல்ல என்னும் சிங்கள மீனவர் ஊரில் இச்சுழற்சி எப்படி நடந்தது, எப்படி நொறுங்கியது என்பதை மானிடவியலாளர் பால் அலெக்சாண்டர் 1982இல் வெளியான தம் நூலில் எழுதினார். அங்கே ஒரு வலைக்கு எட்டுப் பங்கு. எட்டுப் பேர் உழைப்பு. பங்குக்குத் தக்க உழைப்பு, உழைப்புக்குத் தக்க மீன். மீனுக்குச் சந்தையில் விலை ஏறியதும் ஒவ்வொரு குடும்பமும் புதிய வலையில் பங்கு தேடியது. புதிய வலை என்றால் வரிசையில் புதிய இடம். வலைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்ட விதி இருந்தும் அது காக்கப்படவில்லை. வலைகள் பல மடங்காகப் பெருகின. கடலில் மீன் அவ்வாறு பெருகவில்லை. நல்ல பருவத்தில் ஒரு வலைக்கு முறை வருவதே அரிதாயிற்று; மற்ற நாட்களில் அது மணலில் கிடந்தது. பொதுச் சொத்தை மக்கள் தாமே ஆளும் முறைகளை ஆராய்ந்த எலினர் ஆஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட நூலில் மாவெல்லவைத் தோற்ற ஊர்களின் வரிசையில் வைத்தார். 2009இல் அவருக்குப் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசு வந்தபோது அந்நூலும் உலகெங்கும் பேசப்பட்டது. அவ்வூரில் முறை தெரியாதவர் ஒருவரும் இல்லை. வெளியிலிருந்து வந்த விதியும் உள்ளூர் வழக்கமும் ஒன்றையொன்று தாங்கவில்லை. இடையில் வலை மட்டும் பெருகியது.

பாடு என்பது இடமும் ஆனதால், இடத்தை இழந்தவர் முறையையும் இழக்கிறார். முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்முனையில் உள்ள கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் ஆகிய ஊர்களின் தமிழர் 1984ஆம் ஆண்டின் இறுதியில் வெளியேற நேர்ந்தது. 2009இல் போர் முடிந்து, பின்னர் அவர்கள் மீளக் குடியேறத் தொடங்கியபோது, தங்கள் முன்னோர் வலையிழுத்த பாடுகளில் தெற்கிலிருந்து வந்தவர்கள் வலையிறக்குவதைக் கண்டனர். வயலுக்கு வேலியுண்டு, உறுதியுண்டு. கடற்கரைக்கு எதைக் காட்டுவது? ஒவ்வொரு பருவமும் இழுத்தோம் என்பதே அதற்கு உறுதி. கால் நூற்றாண்டு இழுக்காமல் இருந்தவர் தம் உரிமையை மெய்ப்பிக்கப் பட்ட பாடு சிறிதன்று. பருவந்தோறும் ஒரு கரையினர் இன்னொரு கரைக்குச் சென்று வாடியமைத்துத் தொழில் செய்வது தீவில் பழைய வழக்கமே. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' அவ்வாறு நெடுந்தீவுக்கு வந்த மீனவரைப் பற்றிய நாவல். 1978இல் அது திரைப்படமும் ஆயிற்று. வருபவர் பருவம் முடிந்து திரும்புவார் என்னும் நம்பிக்கையின் மேல் நின்ற வழக்கம் அது.

தமிழகக் கரையில் இழப்பு வேறு வழியில் வந்தது. கரைவலைக்கு வேண்டியது இரண்டு: கரையை நாடி வரும் மீன், தடையற்ற மணல். முதலாவதை இயந்திரப் படகுகள் குறைத்தன. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் அவை தொழில் செய்யக் கூடாது என்று 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வகுத்தது. அவ்வெல்லை மீறப்படுவதாகக் கரைத்தொழிலாளர் முறையிடாத ஆண்டில்லை. கன்னடக் கரையில் 1970களின் நடுவில் சுருக்குமடி வலை வந்த சில ஆண்டுகளுக்குள் ராம்பணி ஒடுங்கிற்று. கோவாவில் ராம்பொண்காரர்கள் தெருவில் இறங்கிப் போராடினர். தமிழகத்தில் 2000இல் சுருக்குமடி தடைசெய்யப்பட்டது. 2023 சனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணையொன்றில், பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்களும் வியாழனும் மட்டும் அதைப் பயன்படுத்த இசைந்தது. சுருக்குமடி கரைவலையின் பெயரையும் எடுத்துக்கொண்டது, மீனையும் எடுத்துக்கொண்டது என்று சொல்லலாம். கரைவலைமீதும் குற்றமில்லாமலில்லை. மடியின் சிறுகண்ணில் மீன்குஞ்சுகளும் அகப்படுகின்றன. அக்குற்றச்சாட்டை ஏழைமையைக் காட்டி மறுப்பது முறையாகாது.

இரண்டாவது, மணல். சென்னையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் காற்பகுதியில் துறைமுகம் கட்டப்பட்டபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அதன் சுவரில் தடைப்பட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே கடல் ஊருக்குள் வந்தது. நகரம் மாலைக் காற்று வாங்கும் மணற்பரப்பின் ஒரு பகுதி வடசென்னைக் குப்பங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மணல். அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினர். கல் கொட்டிய கரையில் வலையிழுக்க முடியாது. குமரிக் கரையிலும் கடற்சுவர்களும் தூண்டில் வளைவுகளும் வந்த ஊர்களில் கரமடிக்கு நடக்க இடமில்லை. ஈழத்தில் மணல் இருக்கிறது, ஆள் இல்லை. அங்கே உழவு இயந்திரத்தில் பொருத்திய சுழலியால் வலையை இழுக்கத் தொடங்கினர். அதைத் தடுக்க வேண்டும் என்போருக்கும் கூடாது என்போருக்கும் வழக்காயிற்று. சுழலி கடலடியைக் கிழிக்கிறது என்பது ஒரு வாதம். நாற்பது பேருக்கு எங்கே போவது என்பது மறுவாதம். இருவரும் பேசாத ஒன்று உண்டு: சுழலிக்கு அம்பா தேவையில்லை.

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977இல் வந்தது. ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' 2004இல். தகழியின் 'செம்மீ'னைச் சுந்தர ராமசாமி தமிழுக்குத் தந்தார். உரைநடை கடலுக்குள் சென்றிருக்கிறது. நெய்தலைப் பாடிய அம்மூவனாரின் வழிவந்த கவிதை, ஐயத்திற்கிடமின்றி, பெரும்பாலும் புன்னை நிழலிலேயே நிற்கிறது. பட்டினப்பாலை பரதவரைக் காட்டும்போதுகூட அவர்கள் கடலுக்குச் செல்லாத முழுநிலா நாளைத் தேர்ந்தது. சுறாக்கொம்பு நட்டு வழிபடுவதையும் உண்டாடுவதையும் காட்டிற்று. ஓய்வு நாளில் கண்டவர் எழுதிய சித்திரம் அது. அதன் அழகில் குறையில்லை. மறுநாள் விடியலில் அவர்கள் எதைப் பாடிக்கொண்டு இழுத்தனர் என்பதை எழுதிவைப்பார் இல்லை.

அம்பாவை அறிந்த முதியோர் இன்னும் சில ஊர்களில் இருக்கின்றனர். அவர்களை நாற்காலியில் அமர்த்தி ஒலிப்பதிவுக் கருவியை முன்வைத்துப் பாடச் சொன்னால் தடுமாறுகின்றனர். அடிகள் நினைவுக்கு வருவதில்லை. கையில் ஒரு கயிற்றைக் கொடுத்து, மறுமுனையை இருவர் பிடித்துக்கொண்டால் வருகின்றன. பதிவு செய்யச் செல்லும் உறுப்பினர்கள் கயிற்றையும் எடுத்துச் செல்வது நலம்.